ஜாம்பியாவுக்குப் போனவர்களுக்கு நான் எழுதிக்கொடுத்த நோட்டு

மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தொழில் சொல்லித்தர என்னிடம் அதிகம் இல்லை. நூல், சாயம், விலைக் கணக்கு எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் டெலக்ஸ் மெஷின் கிர்ரென்று சத்தம் போட்டாலே எழுந்து நின்ற ஆட்கள். முப்பது வருடம் ஒரே பனியன் கம்பெனியில் குப்பை கொட்டியவன் பெருமையடித்துக்கொள்ள எத்தனையோ இருக்கும். அதையெல்லாம் நான் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, மேடையில் பேசித் தீர்த்துவிட்டார்கள். அன்று அந்த மேடையில் யாரும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். சொல்லாததற்குக் காரணம், அது எனக்கும் இன்னொருவருக்கும் மட்டுமே தெரியும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாடு போய்வந்தவர் யாராக இருந்தாலும், திரும்பிய ஒரு வாரத்துக்குள் அந்த நாட்டைப் பற்றி ஒரு நோட்டு எழுதித் தர வேண்டும். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. அடுத்துப் போகிறவர் அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில், திருப்பூரில் ஏற்றுமதி சூடு பிடித்த நேரத்தில், முதலாளி ஏற்படுத்திய முறை அது. அவர் பெருமாநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாலு நிட்டிங் மெஷினில் ஆரம்பித்தவர். “போனவன் பாத்தத அடுத்து வாரவனுக்குச் சொல்லோணுமப்பா. இல்லீன்னா ஒவ்வொருத்தனும் போயி அதே குழியில உளுகறதா?” என்பார்.

இத்தாலி நோட்டும் ஜெர்மனி நோட்டும் என் கைவண்ணம். நம்மிடம் சரக்கு வாங்கும் பையர்களில் எந்த நாட்டுக்காரர் சாம்பிள் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொன்னால் பொறுத்துக்கொள்வார், யார் கடைசி நாளில் சொன்னால் பேயாட்டம் ஆடுவார், யாரைச் சாப்பிடக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடவே கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தேன். அவை நன்றாகவே பயன்பட்டன. ஆபீஸில் எனக்கு ‘நோட்டுக்காரர்’ என்று பட்டப்பெயரே விழுந்தது. நானும் ஒரு நாட்டைப் பத்து நாளில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதிவிடலாம் என்று நம்ப ஆரம்பித்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கோட்டா பெரிய தலைவலியாக இருந்தது. நம் நாட்டிலிருந்து இவ்வளவு பனியன்தான் வாங்குவோம் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் அளவு வைத்திருந்த காலம். அளவு தீர்ந்துவிட்டால் கையில் ஆர்டர் இருந்தும் அனுப்ப முடியாது. ஆனால் ஆப்பிரிக்காவில் சில நாடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முதலாளி ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

“ஜாம்பியாவாமா. பருத்தி வெளையுதுங்கறாங்க, நூல் கெடைக்குதுங்கறாங்க, தைக்கறதுக்கு ஆளுகளும் இருக்கறாங்க. நாம போயிச் சொல்லிக் குடுத்தா ஆச்சு. நீ ஒரெட்டுப் போயிப் பாத்துட்டு வா கண்ணு. வந்து நோட்டு எழுதிக் குடு” என்றார்.

நான் அக்டோபர் மாதம் போனேன். பதினோரு நாள். தலைநகர் லுசாகாவில் மூன்று நாள், மீதி எட்டு நாள் வடக்கே செம்புச் சுரங்கங்கள் இருக்கிற ஊரில். அங்கே பல வருடமாகக் கடை வைத்திருந்த நம் நாட்டுக்காரர் ஒருவர் எங்களோடு கூட்டுச் சேர்வதாக இருந்தது. அவர் வீட்டில்தான் தங்கல். பகலில் அவர் காரில் சுற்றுவது, சாப்பாட்டு மேஜையில் அவர் சொல்வதைக் கேட்பது, அறைக்குப் போய் எழுதுவது. இப்படித்தான் அந்த நோட்டு உருவானது.

அதில் நான் எழுதியதில் பாதி சரிதான். ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது, சுற்றிலும் எட்டு நாடுகள், சரக்கு லாரியில் பல நாள் பயணம் செய்து டான்சானியாவின் துறைமுகத்துக்குப் போனால்தான் கப்பலைப் பார்க்கும் என்று எழுதினேன். லாரியைத் தவறவிட்டால் கப்பல் போச்சு என்பதை அடிக்கோடிட்டேன். மக்காச்சோள மாவில் வெள்ளையாகக் களி கிண்டுவார்கள், பெயர் ‘ன்ஷிமா’, நம் ராகிக் களியைத் தின்று வளர்ந்தவர்களுக்குத் தொண்டையில் சிக்காது என்று எழுதினேன். கீரையில் நிலக்கடலையைப் பொடித்துப் போட்டுச் சமைப்பார்கள், பொங்கலூர்க்காரனான எனக்கு அது ரொம்பப் பிடித்தது என்றும் எழுதினேன். மின்சாரம், தண்ணீர், கொசுவலை, மலேரியா மாத்திரை எல்லாம் வரிசையாக இருந்தன.

மீதிப் பாதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அதில் சின்னத் தவறு ஒன்று, சிரிப்பதற்கு. ‘கடும் வெயில். கம்பளி உடுப்பு தேவையில்லை’ என்று எழுதியிருந்தேன். அக்டோபரில் அங்கே மண்டை பிளக்கிற வெயில். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று அதை வருடம் முழுவதற்கும் எழுதிவைத்தேன். எங்கள் ஆட்கள் ஐந்து பேர் போய் இறங்கியது ஜூன் மாதம். அந்த நாடே ஒரு மேட்டுச் சமவெளி. ஜூனில் ஊட்டிபோலக் குளிரும். பல் கிடுகிடுக்க, சந்தைக்குப் போய், வெளிநாட்டில் யாரோ போட்டுக் கழித்து மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருந்த பழைய ஸ்வெட்டர்களைக் கிளறி எடுத்துப் போட்டுக்கொண்டார்களாம். உலகத்துக்கே பனியன் தைக்கிற ஊரிலிருந்து போனவர்கள்! நான் ரொம்ப நாள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வெயில் விஷயத்திலேயே இப்படி என்றால், மனிதர்களைப் பற்றி நான் எழுதியது எந்த லட்சணத்தில் இருக்கும்?

அந்த ஊரில் இருந்த எட்டு நாளில் நான் நாலு லாரி பார்த்தேன். திறந்த லாரிகள். பகலிலேயே முன்விளக்கு எரியும். மேலே பெண்கள் நெருக்கியடித்து நின்றபடி பாடிக்கொண்டு போவார்கள். முதல் லாரியைப் பார்த்ததும் கல்யாண ஊர்வலமா என்று கேட்டேன். கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்தார். “சாவு. இங்கே தினமும் யாராவது செத்துக்கொண்டேதான் இருப்பார்கள். வேலைக்கு வராமல் இருக்க இதைவிட நல்ல சாக்கு உண்டா?” என்றார். நாலு லாரியையும் எண்ணினேன். அது ஏன் நாலு என்று நான் யாரையும் கேட்கவில்லை.

கடைக்காரரின் கடை இருந்த தெருவில் தச்சர் ஒருவரிடம் கட்டிங் மேஜை செய்யச் சொல்லலாம் என்று போனேன். வாசலில் அடுக்கியிருந்த மரப்பெட்டிகளைக் காட்டி, பதினைந்து நாள் ஆகும் என்றார். மரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, இரண்டு நாள் வேலைக்குப் பதினைந்து நாளா என்று எனக்கு எரிச்சல். ‘தச்சர்கள் சோம்பேறிகள். மேஜையைத் திருப்பூரிலிருந்தே அனுப்பிவிடுவது நல்லது’ என்று குறித்துக்கொண்டேன்.

பதினேழாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. இன்றும் எனக்கு மனப்பாடம். ‘சாவு என்று அடிக்கடி லீவு கேட்பார்கள். வாரத்துக்கு ஒருவர் கேட்பார். நம்ப வேண்டாம். ஷிப்மெண்ட் வாரத்தில் யாரையும் விடக்கூடாது.’

உண்மையைச் சொன்னால், நல்லதொரு நிர்வாகக் குறிப்பு எழுதிவிட்டோம் என்ற திருப்திதான் இருந்தது.

அங்கே தையல் யூனிட் தொடங்கப் போன ஐந்து பேருக்கும் தலைவராக மரியதாஸை அனுப்பினோம். தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். தையல் பிரிவில் சூப்பர்வைசர். முப்பத்தைந்து வயதிருக்கும். சத்தம் போட்டு வேலை வாங்கத் தெரியாது, ஆனால் மெஷின் வரிசையான லைனில் அவர் போய் நின்றால் தைத்த பீஸ் தானாக நகரும். வேலைக்காரர்கள் தங்கள் வீட்டுச் சண்டையைக்கூட அவரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்வார்கள். என்னை அண்ணா என்பார். போவதற்கு முன் என் நோட்டை இரண்டு முறை படித்து, முக்கியமான இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டார். அவ்வளவு பயபக்தியாக என் எழுத்தை வேறு யாரும் படித்ததில்லை.

மரியதாஸ் வாராவாரம் ஃபேக்ஸில் அனுப்பும் கடிதங்களில் க்ரேஸ் என்று ஒரு பெயர் அடிக்கடி வரும். அந்த ஊர்ப் பெண். சுரங்கத்தில் வேலை போன கணவன், மூன்று குழந்தைகள். சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது; அதை அவள் பத்தே நாளில் பிடித்துக்கொண்டாளாம். ‘நம்மூரில் ஆறு மாதம் ஆகும் வேலை’ என்று எழுதியிருந்தார். அவளை வைத்து இன்னும் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். அந்த யூனிட் காலூன்றி நிற்கும் என்று எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்ததே அவளால்தான்.

அடுத்த வருடம் ஒரு பெரிய ஆர்டர். அந்த யூனிட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் முதல் முழு கண்டெய்னர். பையர் தினமும் இரண்டு தடவை ஃபோன் செய்து என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். லாரி வருகிற நாள் அன்று, இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை பத்து மணி. மரியதாஸ் ஃபோனில் வந்தார்.

“அண்ணா, மரியதாஸுங்க.”

“சொல்லு மரியதாஸு. லாரி கெளம்பீருமா?”

“சாயந்தரம் அஞ்சு மணிக்கு வருதுங்ண்ணா. காலர் வெக்கற வேலைதான் கொஞ்சம் பாக்கி. க்ரேஸ் உக்காந்தான்னா மூணு, மூணரைக்கெல்லாம் முடிச்சுப் போடுவா.”

“அப்பறமென்ன?”

“அவ ஊட்டுக்காரர ஆஸ்பத்திரில வெச்சிருக்குதுங்ண்ணா. ரொம்ப முடியலீன்னு இப்பத்தான் ஆள் வந்து சொல்லீட்டுப் போச்சு. போகோணுங்கறா.”

“போன மாசம் அண்ணன் செத்துட்டான்னு லீவு போட்டாளே, அவதான?”

“ஆமாங்ண்ணா. அதுக்கு முந்தி அண்ணன் சம்சாரத்துக்கும் போனா.”

“மூணு மாசத்துல மூணு எழவா?”

“எனக்கும் அப்படித்தானுங்ண்ணா இருந்துச்சு. ஆனா பாத்தா பொய் சொல்றவளாட்டத் தெரியலீங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னையவே பாத்துட்டிருக்கறா. அனுப்பீரட்டுங்களா?”

என் மேஜையில் பையரின் ஃபேக்ஸ் கிடந்தது. முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது. லாரி போனால் கப்பல், கப்பல் போனால் அந்த யூனிட்டே கேள்விக்குறி. அவ்வளவும் என் மனதில் ஓடியது. ஓடாதது ஒன்றே ஒன்று, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்த மனிதர்.

“நோட்டுல என்ன எழுதியிருக்குது மரியதாஸு?” என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஷிப்மெண்ட் வாரத்துல ஆரையும் உடக்கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க.”

“அப்பறம் எங்கிட்டக் கேட்டா?”

“சரிங்ண்ணா” என்று வைத்துவிட்டார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நிற்கிற உங்கள் ஆள் ஃபோன் செய்து ‘அனுப்பட்டுமா’ என்று கேட்டால், அவனுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். அவன் உங்களிடம் கேட்பது தைரியம். அதைக் கொடுங்கள். நான் கொடுக்கவில்லை. அதைவிடக் கேவலம், ‘அனுப்பாதே’ என்றும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. நோட்டைச் சொல்ல வைத்தேன்.

க்ரேஸ் மூன்றரைக்குக் கடைசிக் காலரை வைத்து முடித்தாள். மெஷினைத் துடைத்து, உறை போட்டு மூடி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான். அவள் போய்ச் சேர்ந்தபோது கணவன் இறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

லாரி அன்று மாலையே சரக்கோடு கிளம்பியது. முதலாளி என் தோளில் தட்டி, “சாதிச்சுப் போட்டயப்பா” என்றார். ஆபீஸில் எல்லோருக்கும் ஜிலேபி. மறுநாள் காலை மரியதாஸிடமிருந்து மூன்றே வரியில் ஒரு ஃபேக்ஸ் வந்தது. ‘க்ரேஸின் கணவர் இறந்துவிட்டார். இன்று ஒருவரும் வேலைக்கு வரவில்லை. நானும் போகிறேன்.’ நான் அதைப் படித்தேன். ஃபைலில் போட்டேன். அன்றைக்கு வேறு இரண்டு ஷிப்மெண்ட் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மரியதாஸ் ஊருக்கு வந்தார். ஆபீஸுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார்.

“அந்தப் பொண்ணு எப்படியிருக்கறா?” என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“வேலைக்கு வந்துட்டாங்ண்ணா. எழவு ஊட்டுக்கு நானும் போயிருந்தேன். உள்ள பொம்பளைக, வெளிய ஆம்பளைக. நெருப்பு மூட்டிச் சுத்தி உக்காந்திருக்கறாங்க. பேசறதில்ல, சும்மா உக்கார்றது. நம்ம தாராபுரத்துப் பக்கம் உக்கார்றாப்பலயேதானுங்ண்ணா. என்னையப் பாத்ததும் ஒருத்தரு எந்திரிச்சு அவரோட ஸ்டூலக் குடுத்தாரு.”

“ஒண்ணும் திட்டலியா?”

“திட்டியிருந்தாத் தேவலீங்களே” என்றார் மரியதாஸ். “அப்பறம் ஒரு நாள் அவளே கேட்டா. ‘நீங்க எனக்காக ஃபோன் போட்டுக் கேட்டீங்க, நான் பாத்தேன். அந்தப் பக்கம் பேசுனவரு ஆரு’ன்னு. ஆபீஸ்ல ஒருத்தருன்னு மட்டும் சொன்னேன். உங்க பேரச் சொல்லலீங்ண்ணா.”

நான் நன்றி சொல்லவில்லை. எதற்கு நன்றி சொல்வது? அவர் பையிலிருந்து என் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். “அடுத்துப் போறவங்களுக்கு ஆகுமுன்னு கொஞ்சம் எழுதியிருக்கறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓரங்களில் எல்லாம் மரியதாஸின் பொடி எழுத்து. வெயில் பக்கத்தில், ‘ஜூன், ஜூலை ஸ்வெட்டர் கட்டாயம்’. தச்சர்களைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில், ‘இவர்கள் சோம்பேறிகள் இல்லை. சவப்பெட்டி செய்கிறார்கள். விடிந்ததிலிருந்து கை ஓய்வதில்லை. மேஜைக்கு நேரம் இல்லை’. பதினேழாம் பக்கத்துக்கு வந்தேன். ‘வாரத்துக்கு ஒருவர் கேட்பார்’ என்ற என் வரிக்குக் கீழே எழுதியிருந்தார்: ‘உண்மைதான். வாரத்துக்கு ஒருவர் சாகிறார்.’

எய்ட்ஸ். அந்த நாட்டை அப்போது அது வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். பேப்பரில் ‘நெடுநாள் நோய்க்குப் பின்’ என்று மட்டும் போடுவார்களாம். இளம் வயதுக்காரர்களாகப் பார்த்துப் போனார்கள். அண்ணன், அவன் மனைவி, பிறகு கணவன் என்று ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துப் போனார்கள். அந்த நாட்டுக்குப் போகிற எவனும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதுதான். அதை நான் கண்ணால் பார்த்தேன். லாரியாகப் பார்த்தேன், மரப்பெட்டியாகப் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் சாக்கு என்றும் சோம்பல் என்றும் எழுதி, அடிக்கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பின்னால் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். கடைக்காரர் மேல் பழியைப் போடலாம். அவர் சொன்னார், நான் எழுதினேன். ஆனால் அவர் சொன்னது எனக்குச் சட்டென்று பிடித்துப்போனதே, அது ஏன்? ஏனென்றால் திருப்பூரில் அந்தச் சில வருடங்களில் நாங்களே அப்படி ஆகிக்கொண்டிருந்தோம். லீவு கேட்டு ஒருவன் வந்து நின்றால், முதலில் அவன் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே இறக்கி, அந்த நாட்டின் குணம் என்று எழுதிவிட்டேன்.

இன்று யாராவது என்னிடம் அந்த நாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத மாட்டேன். எந்த மாதம் போனேன் என்பதை முதல் வரியில் எழுதுவேன். எத்தனை நாள் இருந்தேன், யார் வீட்டில் தங்கினேன், யாரிடமெல்லாம் பேசவில்லை என்பதை அடுத்து எழுதுவேன். பிறகு இப்படி: அங்கே யாரிடமும் எடுத்த எடுப்பில் வேலையைப் பேசாதீர்கள். வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டு, அவர்கள் கேட்பதற்கும் பதில் சொல்லிவிட்டுப் பிறகு பேசுங்கள். பெரியவர்களுக்கு மெல்லக் கைதட்டி, முழங்காலைச் சற்று மடக்கி மரியாதை செய்வார்கள். அதைப் பார்த்து நெளியாதீர்கள். உரத்துப் பேசாதீர்கள். செம்பு விலை விழுந்ததில் பல வீடுகளில் வேலை போயிருக்கிறது, அதைக் கிண்டாதீர்கள். சாவு லாரி எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துங்கள். அவ்வளவுதான். மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மரியதாஸ் திரும்பிப் போனார். அடுத்த வருடம் அந்த யூனிட்டைப் பார்த்து வர முதலாளி என்னை அனுப்பினார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். விமானத்தில் வார்த்தை வார்த்தையாக ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தேன். ‘அன்று ஃபோனில் பேசியவன் நான்தான். என்னை மன்னிக்க வேண்டும்.’ இரண்டே வாக்கியம்.

க்ரேஸ் உயரமான பெண். அப்போது அவள்தான் லைன் சூப்பர்வைசர். டீ இடைவேளையில் மரியதாஸ் என்னை அவளிடம் கூட்டிக்கொண்டு போய், “திருப்பூர் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்” என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிப் போனார். அவள் முழங்காலை மடக்கி வணக்கம் சொன்னாள். பயணம் சுகமாக இருந்ததா, வீட்டில் மனைவி, பிள்ளைகள் நலமா, அங்கே மழை பெய்கிறதா என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் சொன்னேன். பிறகு அவளே கேட்டாள்.

“ஃபோனில் பேசியவர் இன்னும் அங்கே இருக்கிறாரா?”

“எந்த ஃபோன்?” என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

“என் கணவர் இறந்த அன்று மரியதாஸ் ஒருவரிடம் பேசினார்.”

“அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.”

என் வாயிலிருந்துதான் வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“அவர் வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. பல நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

என் அப்பா இறந்தது நான் முதல் தடவை ஜாம்பியா போவதற்கு இரண்டு வருடம் முன்பு. அதுவும் ஒரு ஷிப்மெண்ட் வாரம். செய்தி வந்தபோது நான் பேக்கிங் செக்ஷனில் நின்றுகொண்டிருந்தேன். முதலாளியே கீழே இறங்கி வந்து, என் கையைப் பிடித்துத் தன் காரில் ஏற்றி, பொங்கலூருக்குக் கொண்டுபோய் விட்டார். அன்று மெஷின்களை நிறுத்திவிட்டு, கட்டிங், தையல், பேக்கிங் என்று அத்தனை பேரும் இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். சுடுகாடுவரை என் கூடவே நடந்தார்கள். மரியதாஸும் அதில் இருந்தார்.

“அவருடைய அப்பா இறந்திருக்கிறார்” என்றேன்.

“அன்று அவரை வேலையிலிருந்து விட்டார்களா?”

“விட்டார்கள். கம்பெனியில் எல்லோரும் அவர்கூடப் போனார்கள்.”

அவள் முகம் தெளிந்தது. நிஜமாகவே தெளிந்தது.

“நல்லது” என்றாள். “அந்த நேரத்தில் ஒருவரைத் தனியாக விடக் கூடாது.”

இடைவேளை முடிந்து மணி அடித்தது. மறுபடி முழங்காலை மடக்கி எனக்கு விடை சொல்லிவிட்டு, அவள் லைனுக்குப் போனாள். நாலு மெஷின் தூரம்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். நான் கூப்பிடவில்லை.